கிளி லாட்ஜின் கதவு

கிரிஜா அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். இடுப்பில் அம்ருதா. தோளில் அம்ருதாவின் பை.

"இங்கயா?" என்றாள்.

"இங்கதான்."

அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் இருபுறமும் சுதையில் செய்த கிளிகள். உடம்பெல்லாம் பச்சை, மூக்கு மட்டும் சிவப்பு. மரத்தூண்களின் உச்சியில் வாழைப்பூ. நிலைக்கு மேலே பிள்ளையார். பிள்ளையாருக்குக் கீழே, 'வெந்நீர் காலையில் மட்டும்' என்று ஒரு தகரப் பலகை.

"நான் பூனாலயே பொறந்து வளர்ந்தவ. இந்தக் கிளி லாட்ஜுக்குள்ள கால் வெச்சதில்லை. சொந்த ஊர்ல யாராவது ரூம் எடுத்துத் தங்குவாளா?"

"பார்கவிக்கு இதுக்குள்ள வரணும்னு ஆசை. சொல்லியிருக்கா."

பார்கவி கிரிஜா அக்காவின் தங்கை. என் மனைவி. போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் கோயம்புத்தூரில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்ததும் குழந்தையைக் கிரிஜா அக்கா பூனா பக்கத்தில் தேஹு ரோடில் இருக்கும் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். ஒரு மாதம் இருக்கட்டும் என்றாள். சரி என்றேன். அப்போது யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொன்னேன். ஒரு மாதம் நீண்டது. இப்போது அம்ருதாவுக்கு நான்கு வயது.

இந்த முறை அவளை அழைத்துப் போக வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டு பெர்த் எடுத்திருந்தேன். கிரிஜா அக்கா முடியாது என்று சொல்லவில்லை. ஒரு ஏற்பாடு சொன்னாள். அதை வாசலில் இன்னொரு முறை சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். நான் வர மாட்டேன், எங்காத்துக்காரரும் வர மாட்டார். அவ என்னைத் தேடி, உங்களால சமாளிக்க முடியாம எனக்கு ஃபோன் பண்ணினேள்னா, அழைச்சுண்டு போற பேச்சை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சரிதானே?"

"சரி."

"கோவிச்சுக்காதீங்கோ ஸ்ரீவத்சன். அவளுக்காகச் சொல்றேன்."

"தெரியும்."

பிறகு அவள் வரிசையாகச் சொன்னாள். பாலில் சர்க்கரை வேண்டாம். தூங்கும்போது முதுகைத் தட்டணும், தொடையைத் தட்டினால் முழித்துக்கொள்வாள். பாத்ரூமில் தனியாக விடக்கூடாது. கதவைத் திறந்து போட்டுவிட்டு எங்கேயும் போகக்கூடாது, லாட்ஜில் யார் யாரோ வருவார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். குழந்தையை என் கைக்கு மாற்றினாள். கனமாக இருந்தாள். நான் நினைத்ததைவிடக் கனம்.

கிரிஜா அக்கா திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள். அம்ருதா அழவில்லை. ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

லாட்ஜை நடத்துகிறவர் பெயர் வைஷாலி. அறுபது வயதிருக்கும். எல்லோரும் காகூ என்று கூப்பிட்டார்கள், சித்தி என்கிற மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். இந்தியில் பேசினார். குழந்தையிடம் மராத்தியில் ஏதோ கேட்டார். குழந்தை அதற்குப் பதில் சொன்னது. என்னிடம் அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை.

"அம்மா எங்க?" என்று காகூ என்னைக் கேட்டார்.

"இல்லை."

"வரலையா?"

"இல்லை, காகூ. இறந்துட்டாங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நல்ல வேளையாக மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

உள்ளே நடுவில் முற்றம். சுற்றிலும் மர நடை. படிகள் செங்குத்தாக இருந்தன. குழந்தை கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுவிடுவாளோ என்று அந்தப் பக்கம் நான் நடந்தேன். எங்கள் அறை இரண்டாவது மாடியில், தெருப் பக்கம். கூரை முழுக்கக் கொடியும் பூவும் வரைந்திருந்தது. ஒரு கொடியின் மேலேயே டியூப் லைட்டை அடித்திருந்தார்கள். சுவரில் வரைந்திருந்த ஒரு நாட்டியக்காரியின் வயிற்றில் மின்விசிறி திருகியிருந்தது. தங்க முலாம் போன நிலைக்கண்ணாடி ஒன்று. ஒரு இரும்புக் கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கதவு தேக்கு. இருபுறமும் வரிசையாக யானைகள் செதுக்கியிருந்தன.

பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். அது ஜன்னல் இல்லை, தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரக்கூண்டு. உட்கார்ந்து ஊர்வலம் பார்க்க அந்தக் காலத்தில் கட்டியது. திண்டு என் முழங்கால் உயரம்தான். வண்ணக் கண்ணாடிக் கதவுகளுக்கு ஒரு சின்னக் கொக்கி. அது ஆடியது.

"வேற ரூம் இருக்கா?"

"இன்னிக்கு இல்லை. கல்யாண கோஷ்டி வந்திருக்கு. கொக்கியை மாட்டி வெச்சா ஒண்ணும் ஆகாது. நூறு வருஷமா யாரும் விழலை."

கொக்கியை மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

குழந்தையிடம் பசிக்கிறதா என்று கேட்டேன்.

"நக்கோ."

பொம்மையை எடுக்கட்டுமா?

"நக்கோ."

மராத்தியில் வேண்டாம் என்பதற்கு நக்கோ. எனக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது. கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்தாள், நேரே பார்க்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் ஃபோனை எடுத்து கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். உடனே வாங்கிக்கொண்டாள். உடம்பு தளர்ந்தது. ஃபோனைத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

கீழே இருந்து காகூ குரல் கொடுத்தார். பால் சூடாக இருக்கிறதாம். கொண்டுவர ஆள் இல்லை, நீங்களே வாங்கிப் போங்கள்.

"அம்ரு, அப்பா பால் எடுத்துண்டு வரேன். இங்கயே உக்காந்திருக்கணும்."

கார்ட்டூனிலிருந்து அவள் கண் நகரவில்லை. கதவைத் திறந்து போடக்கூடாது என்று சொல்லியிருந்தது. சாத்திவிட்டு இறங்கினேன்.

பால் டம்ளரோடு திரும்பி வந்தேன். தள்ளினேன். கதவு அசையவில்லை.

கதவின் அடியில், தரைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது ஞாபகம் வந்தது. நாலு வயதுக் குழந்தைக்கு எட்டும் உயரம்.

தட்டினேன்.

"யாரு?" என்றாள் உள்ளிருந்து. தெளிவான, பெரிய மனுஷிக் குரல்.

"அப்பா வந்திருக்கேன். கதவைத் திற."

கொஞ்ச நேரம் கார்ட்டூன் சத்தம் மட்டும்.

"அப்பா டெப்போ போயிருக்கார்."

புரியவில்லை. பிறகு புரிந்தது. கிரிஜா அக்காவின் கணவர் ரவிசந்திரனுக்கு தேஹு ரோடு ராணுவ டெப்போவில்தான் வேலை. அம்மாவின் அக்கா பெரியம்மா, அவர் பெரியப்பா. நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். எங்கேயோ, என்றோ, அந்தப் 'பெரிய' உதிர்ந்துபோயிருக்கிறது. யாரும் திட்டம் போட்டு உதிர்த்திருக்க மாட்டார்கள். குழந்தை வாய்க்கு நீளமான சொல். யாரும் திருத்தவில்லை. திருத்த நான் பக்கத்தில் இல்லை.

"நானும் அப்பாதான். கோயம்புத்தூர் அப்பா. பால் கொண்டு வந்திருக்கேன் பாரு."

"திறக்க மாட்டேன். அம்மா சொன்னா. வெளில போனா உடனே தாழ்ப்பா போடணும். யாருன்னு கேக்கணும். அம்மா அப்பாக்கு மட்டும்தான் திறக்கணும்."

குறும்பு இல்லை. பாடம். கிரிஜா அக்கா துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போகும்போது சொல்லிக்கொடுத்தது. குழந்தை அதை ஒழுங்காகச் செய்தது.

டம்ளரைத் தரையில் வைத்தேன். கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசினேன். பிஸ்கட் என்றேன். பார்க் என்றேன். ஐஸ்கிரீம் என்றேன்.

"நக்கோ."

அப்போது கார்ட்டூன் சத்தம் நகர்ந்தது. பக்கத்தில் இருந்தது தூரமாகப் போனது. ஒரு கிரீச். கண்ணாடி அதிரும் ஓசை. தெருவின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"போபட்!" என்றாள் உள்ளிருந்து, சந்தோஷமாக.

போபட் என்றால் கிளி. ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

எப்படிக் கத்தினேன் என்று தெரியாது. காகூ மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கல்யாண கோஷ்டியில் இரண்டு பேர் பட்டு வேட்டியோடு எட்டிப் பார்த்தார்கள். காகூ கதவைத் தோளால் ஒருமுறை இடித்தார். கதவுக்கு அது தெரிந்ததாகவே இல்லை.

"உடைச்சுடலாம்," என்றேன்.

"உடைக்கலாம். எனக்குக் கதவு பெரிசில்லை, தம்பி. ஆனா இந்தத் தேக்கை உடைக்கத் தச்சன் வரணும், ரம்பம் வரணும். நாம இங்க இடிக்க ஆரம்பிச்சா பயந்து அந்தப் பக்கம் போவா. எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும்.

"அவளை வளக்கறவங்க யாரு? அவங்களைக் கூப்பிடுங்க. ஒரு வார்த்தை சொன்னா திறந்துடுவா."

அதுதான் வழி என்று எனக்கும் தெரிந்தது. கிரிஜா அக்கா ஃபோனில் 'திற' என்றால் போதும். கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ரயில் ஏறுவேன். காலையில் செய்த ஏற்பாடு மத்தியானத்துக்குள் முடிந்துபோகும். அப்படி நினைத்தபோதே உள்ளே மரம் முனகியது. திண்டின்மேல் ஏறுகிறாள்.

"உங்க ஃபோனைக் கொடுங்க காகூ. கூப்பிடறேன்."

கொடுத்தார். விரலை வைத்தேன். அங்கேயே நின்றது. கிரிஜா அக்காவின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. ரவிசந்திரனின் எண்ணும் இல்லை. எல்லாம் என் ஃபோனில். என் ஃபோன் உள்ளே, குழந்தையின் கையில். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டுதான். ஒன்று என்னுடையது. இன்னொன்று பார்கவியுடையது.

காகூ நிற்கவில்லை. "நான் தெருவுக்குப் போறேன்," என்று படியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தெருவில் அவர் குரல் கேட்டது. எதிர்ப்பக்கம் பித்தளைப் பாத்திரக் கடைகள். அந்தக் கடைக்காரர்களை மராத்தியில் திட்டியே வெளியே இழுத்தார். லாட்ஜின் மயில் போட்ட பெட்ஷீட்டை நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்களாம். இதைப் பிறகு அவர்தான் சொன்னார். ஒருவர் மட்டும் கடையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டுக்கொண்டே பிடித்தாராம்.

நான் காகூவின் ஃபோனிலிருந்து என் எண்ணுக்கு வீடியோ கால் போட்டேன். உள்ளே கார்ட்டூன் நின்றது. என் ஃபோன் ஒலித்தது.

"நக்கோ!" என்றாள் கோபமாக. வெட்டிவிட்டாள். கார்ட்டூன் மறுபடி ஓடியது.

மறுபடி போட்டேன். மறுபடி வெட்டினாள். சார்ஜ் அதிகம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. காலையிலேயே சிவப்பு காட்டியது. காகூவின் ஃபோனில் முகப்புப் படமாகப் பிள்ளையார் இருந்தார். பிள்ளையாரின் அழைப்பைத்தான் அவள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை எடுத்தாள்.

முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு நெற்றி. பிறகு மிக அருகே சிவப்பாக ஒரு மூக்கு. கிளியின் மூக்கு. அதற்குப் பின்னால் எதிர்ப்பக்கத்துக் கட்டடம், சாய்ந்து. அவள் திண்டின்மேல் முழங்காலிட்டு வெளியே எட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் திரையைப் பார்த்தாள்.

"ஃபோன் அப்பா!" என்றாள்.

சிரித்தாள். காலையிலிருந்து என் கையில், என் எதிரில், என் பக்கத்தில் இருந்தவள் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

"ஃபோன் அப்பா, போபட் பாரு."

"பாத்தேன்."

இறங்கு என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. இறங்கு, வா, திற என்று சொல்கிறவன் வெளியே நிற்கும் ஆள். அவனுக்கு அவள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் கூப்பிடும்போது நான் அவளை எதுவும் செய்யச் சொன்னதில்லை. எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. அவள்தான் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டுவாள். ஃப்ரிட்ஜ், செருப்பு, துளசித் தொட்டி, வாளி. நான் பார்ப்பேன். அடுத்தது என்ன என்பேன். எங்கள் பழக்கம் மொத்தமும் அதுதான்.

"போபட் நன்னா இருக்கு," என்றேன். "அடுத்தது என்ன? காட்டு."

அவள் யோசித்தாள். படம் ஆடியது. எதிர்க் கட்டடம் போய், சிவப்பும் நீலமுமான கண்ணாடி வந்தது.

"கலர்."

"ரொம்ப நன்னா இருக்கு. அடுத்தது?"

"கட்டில்."

"கட்டில் சரியாத் தெரியலையே. கிட்டப் போய்க் காட்டு."

மரம் முனகியது. பாதங்கள் தரையில் விழும் சத்தம் கேட்டது. கதவு வழியாக ஒரு முறை, ஃபோன் வழியாக ஒரு கணம் கழித்து இன்னொரு முறை. இறங்கிவிட்டாள். கதவில் சாய்ந்துகொண்டேன். ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முகம் ஆடக்கூடாது.

கட்டில் காட்டினாள். மின்விசிறி காட்டினாள். "ஆன்ட்டி தொப்பைல ஃபேன்," என்றாள். சிரித்தேன். கண்ணாடிக்குப் போனாள். கண்ணாடியில் அவளும் அவள் கையில் குட்டியாக நானும் தெரிந்தோம்.

"அடுத்தது?"

"கதவு. கதவுல யானை இருக்கு."

"எத்தனை பெரிய யானை! கீழ என்ன இருக்கு?"

"தாழ்ப்பா."

"அது எப்படித் திறக்கும்?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்டது. என் முழங்காலுக்கு எதிரே.

"திறக்கக் கூடாது. அம்மா சொன்னா."

"எனக்கு அந்த மாதிரித் தாழ்ப்பாள் தெரியாது. எப்படி இழுக்கணும்னு எனக்குக் காட்டு. காட்டினா போதும்."

யோசித்தாள். அவளுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். காட்டுவது அவள் வேலை.

"வரலை," என்றாள் கொஞ்சம் கழித்து.

"ஒரு கையால வராது. ஃபோனைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையால இழு."

திரையில் கூரை வந்தது. கொடி, பூ, டியூப் லைட். அவள் முனகும் சத்தம். பிறகு திரை கறுத்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. இனி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பேசினால் வெளியே நிற்கும் ஆளாகிவிடுவேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். கல்யாண கோஷ்டிக்காரர் ஒருவர் ஏதோ கேட்க வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

இரும்பு உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

நான் தள்ளவில்லை. அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பாள். காத்திருந்தேன். யானைகள் கையகலம் உள்வாங்கின. இடுக்கில் அவள் தெரிந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தரையில் கிடந்த ஃபோனைப் பார்த்தாள். கறுத்திருந்தது. மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீ வெளில வந்துட்டியா?" என்றாள்.

"வந்துட்டேன்."

முதலில் போய் ஜன்னலைச் சாத்தினேன். கயிறு வாங்கிக் கட்டினேன். கீழே பாத்திரக் கடைக்காரர்கள் பெட்ஷீட்டை மடித்து காகூவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையசைத்தார். பதிலுக்கு அசைத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்தேன். அம்ருதா கொஞ்சம் தள்ளி நின்று, ஆடை படிந்த பாலைக் குடித்தாள்.

காகூ வந்து எட்டிப் பார்த்தார். "அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டச் சொல்லியாச்சு," என்றார். "அவளை வளக்கறவங்ககிட்ட சொல்லப் போறீங்களா?"

ஃபோன் சார்ஜில் இருந்தது. இப்போது எண் இருந்தது. கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. கதவு திறந்தாகிவிட்டது. நான் யாரையும் கூப்பிடாமலேயே திறந்துவிட்டது. ஏற்பாட்டின்படி நான் தோற்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். அந்தத் திண்டைப் பார்த்தேன். இதைச் சொல்லாமல் குழந்தையை ரயிலில் ஏற்றினால், ஒவ்வொரு முறை கதவு சாத்தும்போதும் எனக்கு இந்த மத்தியானம் வரும்.

கூப்பிட்டேன். சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன்.

கிரிஜா அக்கா முழுவதும் கேட்டாள். பிறகு கத்தினாள். "ஒரு நாள்! ஒரு நாள் பாத்துக்க முடியலை உங்களால! அந்த ஜன்னல் வழியா... ஐயோ..." அழ ஆரம்பித்துவிட்டாள். "நாங்க இப்பவே வரோம்."

"வாங்கோ," என்றேன்.

தேஹு ரோடிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து, சிவாஜி நகரில் ஆட்டோ பிடித்து, வெயில் தாழும் நேரத்தில் வந்தார்கள். அம்ருதா முற்றத்தில் உட்கார்ந்து தரையின் பூக்கல்லை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துப் படியில். ரவிசந்திரனைப் பார்த்ததும் ஓடினாள்.

"அப்பா!"

அவர் தூக்கிக்கொண்டார். தூக்கியபடியே என்னைப் பார்த்தார். அவருக்கு முகம் வாடிவிட்டது. "பெரியப்பா சொல்லு," என்றார் அவளிடம், மெதுவாக. அவளுக்குப் புரியவில்லை. "பெரியப்பான்னு சொல்லுடா."

"வேண்டாம் விடுங்கோ," என்றேன். "அவளுக்கு வர்றபடி கூப்பிடட்டும்."

கிரிஜா அக்கா குழந்தையின் கை, கால், நெற்றி எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உங்களை நம்பி விட்டேனே. இதுவா பாத்துக்கற லட்சணம்?"

"கிரிஜா," என்றார் ரவிசந்திரன். "தாழ்ப்பாள் போடு, திறக்காதேன்னு பழக்கினது நாமதானே."

"இவருக்குத் திறக்காதேன்னா சொன்னேன்?"

"திறன்னும் சொல்லலையே."

மேல் நடையிலிருந்து கல்யாண கோஷ்டிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். காகூ அவர்களை உள்ளே விரட்டினார்.

"அக்கா," என்றேன். "அவ பெர்த்தை கேன்சல் பண்ணிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"ஏற்பாட்டுக்காக இல்லை. அவளுக்கு நான் யாருன்னே தெரியலை. ஃபோன்ல பாக்கற ஆள்னு நெனச்சிண்டிருக்கா. அப்படியே ரயில்ல தூக்கிண்டு போனா, அவளைப் பொறுத்தவரைக்கும் யாரோ தூக்கிண்டு போறதுதான். முதல்ல நான் வந்து போறேன். மாசத்துக்கு ஒரு தடவையாவது. வீடியோ கால் வேண்டாம்."

கிரிஜா அக்கா ரவிசந்திரனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். நான் கேட்டதை அவள் மறுத்திருக்கலாம். அவள் கேட்டதும் கிடைத்துவிட்டது. குழந்தை இங்கேயே இருக்கப் போகிறாள். ஆனால் அவள் முகத்தில் நிம்மதி வரவில்லை. கொஞ்ச நேரம் தன் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"ரூம் எதுவரைக்கும் எடுத்திருக்கேள்?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்போ ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களோட இருக்கட்டும்." குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டாள். "காத்தால நான் போட்டேனே, அந்த நிபந்தனை மாதிரி இல்லை. சும்மா இருக்கட்டும். அந்த ஜன்னல் கயிறை நான் ஒருதரம் பாக்கணும்."

மேலே வந்து கயிற்றைப் பார்த்தாள். அவிழ்த்து, அவள் பாணியில் மறுபடி கட்டினாள். நான் கட்டியதைவிட இறுக்கம். கழற்றிய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கதவின் ஓட்டைகளை விரலால் தொட்டாள். பிறகு இரண்டு பேரும் படி இறங்கினார்கள்.

இந்த முறை அம்ருதா அழுதாள். அவர்கள் வாசலைத் தாண்டும்போது ஆரம்பித்தாள். முதுகை வில்லாக வளைத்து, காலால் என் வயிற்றில் உதைத்து, அம்மா, அம்மா என்று. கிரிஜா அக்கா வாசலில் ஒரு கணம் நின்றது தெரிந்தது. ரவிசந்திரன் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

எனக்கு அவளைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை. ஃபோன் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. நடந்தேன். முற்றத்தைச் சுற்றி, தூண்களைச் சுற்றி. யாரோ கதவைத் திறந்து பார்த்து மூடினார்கள். காகூ டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். குழந்தை கத்திக் கத்திக் குரல் கம்மியது. என் தோள் நனைந்தது. இப்படியே ஞாயிற்றுக்கிழமை வரை அழுவாளோ என்று நினைத்தேன். அழுதால் நடப்பேன் என்று நினைத்தேன். வேறு யோசனை இல்லை.

ஏதோ ஒரு சுற்றில் அழுகை விக்கலாக மாறியது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"மூக்கு," என்றாள்.

கைக்குட்டை இல்லை. சட்டை நுனியால் துடைத்தேன்.

"இன்னும்," என்றாள்.

இன்னும் துடைத்தேன்.